கட்டவிழ்க்காத மூன்று கேபிள்கள்

பவர் சப்ளை வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபோது அந்தக் கறுப்புத் துணிப்பை கீழே விழுந்தது. காலிப் பெட்டிகளை மடக்கி அடுக்கி வைத்தால் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போவார், அதற்காகத்தான் கவிழ்த்தார். பையின் சுருக்கை இளக்கிக் கையை விட்டார். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கம்பெனியில் முறுக்கிய கட்டு மூன்றிலும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

காலையில் கடையில் சேர்த்த புதுக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையோடு கம்பெனி கொடுப்பது மூன்றுதான்.

மறுபடி எண்ணினார். பையை உள்வெளியாகத் திருப்பினார். தரையில் கிடந்த தெர்மோகோல் தூளைக் காலால் விலக்கிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் கிடந்த பழைய பவர் சப்ளையை இழுத்தார். சாயங்காலம் ஒரு பெண் கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. அதில் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் துளை வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. அந்தக் கேபிள் மேஜையிலும் இல்லை.

ஸ்டூல் பின்னால்தான் இருந்தது. தெரிந்தும் கை அதைத் தேடியது.

"என்ன மாப்பிள்ளை, பெட்டிக்குள்ள புதையலா?" என்றார் கல்லாவிலிருந்த மச்சான்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

கடையில் அவருக்குப் 'பொருத்தம்' என்று பெயர். வைத்தது மச்சான், மனைவியின் அண்ணன், கடைக்குச் சொந்தக்காரர். விளையாடுவதற்கென்று பெரிய கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, "இருங்க, சம்பந்தம் பேசுறவர் வருவார்" என்பார். பொருத்தம் சட்டைப்பையில் துணி அளவுநாடாவோடு வருவார். எந்தப் பிராசசர், அதை ஏற்றுக்கொள்ளும் மதர்போர்டு எது, மேலே உட்காரும் கூலரின் உயரத்துக்குக் கேபினட்டின் கதவு மூடுமா, கூலரின் காற்றாடிக்குக் கீழே ரேம் தலை நிமிர்ந்து நிற்குமா, கிராபிக்ஸ் கார்டை வைத்த பிறகு முன்பக்கம் விரல் நுழைய இடம் இருக்குமா. பெட்டியின் மேல் அச்சடித்த அளவை அவர் நம்ப மாட்டார். பிரித்து, நாடாவை வைத்து அளந்து பார்த்த பிறகுதான் தலையை ஆட்டுவார். "காசு கொடுக்கிற நானே பயப்படல, நீங்க எதுக்குங்க பயப்படுறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

தொழிலில் வந்த பயம் இல்லை அது. வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். "இன்னும் கொஞ்ச நாள் இழுங்க, பூட்டு கையோட வந்துடும். அப்புறம் பயப்பட ஒண்ணும் மிச்சமிருக்காது" என்பாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். புருஷன் முகம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. என்ன கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது 'ஒண்ணுமில்ல'. காய்ச்சலில் பல் கிட்டும்போதும் ஒண்ணுமில்ல, பஸ்ஸில் பை தொலைந்தபோதும் ஒண்ணுமில்ல. அதன் பிறகு மெல்ல மெல்ல விஷயம் வரும். "நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் நான் கைவேலையைப் போட்டுட்டு உக்காந்துடுவேன்" என்பாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கடைசித் திருகை முடுக்கியதும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு வெளியே மாடிப்படிக்குப் போய்விடுவார். தான் சேர்த்த எந்த மெஷினிலும் பவர் பொத்தானை முதல் தடவை அவர் அழுத்தியதில்லை. இளவயதில் வேறொரு கடையில் வேலை பார்த்தபோது பக்கத்து மேஜையில் ஒரு பவர் சப்ளை வெடித்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தச் சத்தம் மட்டும் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் பொத்தானை மச்சான்தான் அழுத்துவார். "உயிர் வந்துடுச்சு, வா" என்று கூப்பிடுவார். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்த வேலை முழுக்க முதலிலிருந்து அவர் கண்முன் ஓடும். எந்தத் திருகை எங்கே போட்டார், எந்த முனையை எதில் செருகினார். சில நாள் பாதியில் உள்ளே ஓடிவந்து "இருங்க, அழுத்தாதீங்க" என்று கத்தியிருக்கிறார். ஒருமுறை மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு திருகு விழுந்து கிடந்தது. இன்னொருமுறை ஒன்றுமே இல்லை. மச்சான் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்தார்.

அந்தப் பெண் அப்பாவோடு முதலில் வந்தது போன வாரம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்குள் நுழைந்ததுமே எல்லோரையும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்கிறவர் போல் கையை வீசிப் பேசினார்.

"இவ விளையாடுறதுக்குக் கேக்கலை தம்பி. விளையாட்டே இவ செய்யுறா."

"என்ன விளையாட்டும்மா?" என்றார் பொருத்தம்.

"ஒரு ஆடு, அண்ணே. கழுத்து மணியைத் தொலைச்சிடும். ஊரெல்லாம் தேடும்."

"சுடுறது, வெட்டுறது?" என்றார் மச்சான்.

"இல்லண்ணே. தேடும். அவ்வளவுதான்."

"ஆட்டை யாரும் வெட்டலைன்னா சரி."

"ஆட்டுக்குக் குரல் யாருன்னு கேளுங்க" என்றார் கண்டக்டர். யாரும் கேட்பதற்கு முன்பே கழுத்தை நீட்டிக் கத்தினார். பக்கத்துக் கடையில் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "வாழ்நாள் பூரா 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தின தொண்டை தம்பி. இப்பத்தான் உருப்படியா ஒரு வேலை கிடைச்சிருக்கு."

பெண் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

அவள் ஆசைப்பட்ட கேபினட் வெள்ளை நிறம், சின்னது. அவளுக்குத் தேவையான கிராபிக்ஸ் கார்டு நீளம். பொருத்தம் நாடாவை உள்ளே விட்டு அளந்தார். "குள்ளக் கட்டில்ல நெட்டையனைப் படுக்க வெச்ச மாதிரிம்மா. கால் சுவத்துல இடிக்கும், ராத்திரி பூரா புரளுவான்." அவள் மனமில்லாமல் பெரிய கறுப்புக் கேபினட்டுக்கு ஒத்துக்கொண்டாள். பவர் சப்ளைக்கு வந்தபோது, "வீட்டுல இருக்கிறதையே போட்டுக்கலாமா? இதே கம்பெனிதான்" என்றாள்.

"வேண்டாம்மா. இந்தக் கார்டு திடீர் திடீர்னு பெருமூச்சு மாதிரி கரண்டை இழுக்கும், பழசு தாங்காது. சப்ளையை விடுங்க, அதோட வயரைக்கூட எடுத்துப் புதுசுல சொருகக் கூடாது. கம்பெனி ஒண்ணா இருந்தாலும் உள்ள வரிசை வேற. பழசுல அஞ்சு வோல்ட் வர்ற கம்பியில புதுசு பன்னெண்டைக் கொண்டுவந்து கொட்டும். முனை நுழையும். அதுதான் ஆபத்து. நுழையாம இருந்தா பொழைச்சோம்."

இதைச் சொன்னது அவர்தான். அவர் வாயால்தான் சொன்னார்.

"செஞ்சதெல்லாம் நகல் எடுத்து வெச்சிருக்கீங்களாம்மா?" என்று அப்போதே கேட்டார்.

"எங்கண்ணே. நகல் எடுக்கப் போனாலே பழைய மெஷின் தூங்கிடுது. பாதியில நின்னுடும். எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்குலதான் இருக்கு. புதுசு வந்ததும் முதல் வேலை அதுதான்."

அவர் அளவுநாடாவைச் சுருட்டினார். "டிஸ்க்கைத் தனியாக் கழட்டிக் கையில எடுத்துட்டு வராதீங்க. மெஷினோட கொண்டுவாங்க. நான் கழட்டுறேன்."

இன்று காலை புது மெஷின் தயாராகிவிட்டது. அவர் படியில் நின்றார், மச்சான் அழுத்தினார், உயிர் வந்தது. சாயங்காலம் அவர்கள் பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை அவர் மேஜையில் படுக்கவைத்துப் பவர் சப்ளையைக் கழற்றி முடித்தபோது மின்சாரம் போனது. இந்த மாதம் அப்படித்தான். பகுதி பகுதியாக நிறுத்துகிறார்கள், இங்கே வந்தால் அங்கே போகும். பெண் தன் போனின் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஹார்ட் டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றி, வாலில் கேபிள் தொங்க அதை வெளியே எடுத்து, அப்படியே புதுக் கேபினட்டுக்குள் வைத்து முடுக்கினார். தொங்கிய கேபிளின் மறுமுனையைப் புதுப் பவர் சப்ளையில் அழுத்தினார். முரண்டு பிடிக்காமல் 'கிளிக்' என்று உட்கார்ந்தது.

"வண்டி கீழ நிக்குது தம்பி. டிரைவர் ஹாரன் அடிச்சே நம்மளைக் கொன்னுடுவான்" என்றார் கண்டக்டர்.

"ஆன் பண்ணிப் பார்க்கணும்" என்றார் பொருத்தம்.

"கரண்ட் இல்லாம எதுல பார்ப்பே? காலையில ஓடிச்சே மாப்பிள்ளை. ஒரு டிஸ்க்குதானே கூடியிருக்கு" என்றார் மச்சான்.

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. பொத்தானை யாரும் அழுத்தப்போவதில்லை, படியில் போய் நிற்க வேண்டாம் என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோதுகூட அவர் கைப்பிடியருகே நிற்கவில்லை.

இப்போது கடையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மின்சாரம் வந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அவர் பில்லைப் பார்த்து அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் செய்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார்.

"மச்சான், வண்டிச் சாவி."

"நீ எங்க வண்டி ஓட்டுவே? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பழைய கேபிளைப் போட்டு அனுப்பிட்டேன்."

மச்சான் முதலில் சிரித்தார். பிறகு அவர் கையிலிருந்த மூன்று கேபிள்களையும் பார்த்தார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, எடுத்துவைக்க மறந்துபோன பொருள் போல. ஷட்டரை அவரே இழுத்துப் பூட்டினார். பொருத்தம் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து பொருத்தம் திரும்பத் திரும்ப அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். பையை மடியில் வைத்து முழங்காலால் நெருக்கிப் பிடித்திருந்தார். டியூஷன் விட்ட நேரம், வேலை முடிந்த நேரம், எல்லாம் ஒன்றாகிச் சாலை அடைத்துக்கிடந்தது.

"எடுக்கலையா?"

"இல்ல."

"நமக்குக் கரண்ட் வந்துடுச்சுன்னா அவங்க பக்கம் போயிருக்கும். ஆத்தைத் தாண்டினா வேற லைன். பயப்படாதே."

அது உண்மைதான். பொருத்தம் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரே தெரிந்த ஒவ்வொரு கடையின் விளக்கையும் பார்த்துக்கொண்டே வந்தார். எரிந்தது. எரிந்தது. எரிந்தது. பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. முன்னால் போன லாரியின் புகை மூக்கில் ஏறியது. அவருக்கு அது வேறொரு வாசனையாகத் தெரிந்தது.

"கேளு மாப்பிள்ளை" என்றார் மச்சான், தலையைத் திருப்பாமல். "அவங்க இன்னும் ஆன் பண்ணலைன்னு வெச்சுக்கோ. சும்மா பார்க்க வந்தோம்னு சொல்லி வயரை மாத்திட்டு வந்துடுவோம். வாயைத் திறக்காதே."

"ஆன் பண்ணியிருந்தா?"

மச்சான் ஒரு ஆட்டோவுக்கு வழி விட்டார். "பழைய டிஸ்க். எப்ப வேணும்னாலும் போகும். அதுக்கு வயசாயிடுச்சு. அப்படித்தானே சொல்லணும்? இத்தனை வருஷம் கடைக்கு ஒரு கெட்ட பேர் இல்லை."

பொருத்தம் மறுபடி அந்த எண்ணை அழுத்தினார். பதில் சொன்னால் நடந்துவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

பாலம் இறங்கியதும் விளக்குகள் இல்லை. தெருவிளக்கும் இல்லை. கடைகளில் மெழுகுவர்த்தி, எமர்ஜென்சி விளக்கு. வாசல்களில் ஆட்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். இருட்டைப் பார்த்து அவர் உடம்பு முழுவதும் இளகியது. "போயிருக்கு மச்சான். போயிருக்கு" என்றார்.

"நான்தான் சொன்னேனே."

பில்லில் இருந்த வீட்டு எண்ணைத் தேடி மெதுவாகத் தெருவுக்குள் போனார்கள். இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். ஒரு தாய் இருட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைசியிலிருந்து இரண்டாவது கட்டடம். மச்சான் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டார். பொருத்தம் இறங்கி ஒரு காலைத் தரையில் ஊன்றிய நேரம், தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விளக்குகள் வந்தன. எல்லா வீட்டுக் குழந்தைகளும் 'ஓ' என்று கத்தினார்கள்.

அவர் ஓடினார். படிகளில் பை இடித்தது. இரண்டாவது மாடியில் செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஏறினார். பின்னால் மச்சான் மூச்சு வாங்குவது கேட்டு, பிறகு கேட்கவில்லை. நான்காவது மாடியில் கதவைக் கையால் தட்டினார், மணி இருப்பது தெரியவில்லை.

கதவைத் திறந்தது கண்டக்டர். "அட, தம்பி! வாங்க வாங்க. நாங்க வந்து சேர்ந்தப்பவே கரண்ட் இல்லை. இப்பத்தான் வந்துச்சு, கூடவே நீங்களும் வர்றீங்க. என்ன இது, இப்படி வேர்த்துக்கிடக்கு? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார் பொருத்தம்.

உள்ளறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "அப்பா, ஆன் பண்றேன், வா!"

ஒரு சத்தம். நகத்தால் மேஜையைச் சுண்டியதுபோல் சின்னச் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

கண்டக்டரைத் தாண்டி அவர் உள்ளே போனார். அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரெல்லாம் பென்சிலால் வரைந்த ஆடுகள். சத்தத்தை அணைத்துவைத்த போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. அவள் மெஷின் முன்னால் குனிந்திருந்தாள். "காத்தாடி லேசா அசைஞ்சு நின்னுடுச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி விரலைக் கொண்டுபோனாள்.

"கையை எடு!"

அவள் துள்ளி விலகினாள். அவர் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். இப்போது வாசனை வந்தது. எரிந்த பிளாஸ்டிக், அதற்கு அடியில் கசப்பாக வேறொன்று. கையை எடு என்ற அவருடைய குரல் ஒரு மூச்சுக்கு முன்னால் வந்திருக்கலாம். வாசலிலேயே வந்திருக்கலாம்.

மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். அவர் கையில் பொருத்தத்தின் ஒற்றைச் செருப்பு இருந்தது. அறையை ஒருமுறை பார்த்தார். "என்னம்மா, ஆகலையா? பழைய டிஸ்க் பாரு, அதுதான் இழுக்கும். அதுக்கு வயசு..."

"மச்சான்" என்றார் பொருத்தம்.

அவர் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினார். திருகு இரண்டு தரம் விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கின் அடியில் மின்சாரம் நுழையும் இடத்தருகே கடுகளவு கறுப்பு. அதன் வாலில் தொங்கிய கேபிளைப் பிடித்துக் காட்டினார்.

"இது உங்க பழைய சப்ளையோட வயர்ம்மா. புதுசுல சொருகிட்டேன். சொருகக் கூடாதுன்னு உங்ககிட்டச் சொன்னேனே, அதே வயர். இருட்டுல பார்க்கலை. டிஸ்க்கு மேல தப்பு இல்ல. தப்பு என்னுது."

"வயர்தானே தம்பி, மாத்திட்டாப் போச்சு" என்றார் கண்டக்டர். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "என்னடா? வயர்தானே?"

"அப்பா, சும்மா இரு."

மச்சான் கையிலிருந்த செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"போயிடுச்சா?" என்றாள் அவள்.

ஒண்ணுமில்ல என்று அவர் நாக்கின் நுனி வரை வந்தது. "தெரியலைம்மா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

அவள் தலையாட்டினாள். யாரிடமோ மணி கேட்டு, அவர் சொன்னதும் ஆட்டுவதுபோல்.

டிஸ்க்கைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். அவள் தர மாட்டேன் என்றாள். நாளை தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். அவர் அதை அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது.

மறுநாள் காலை பொருத்தம் கடையைத் திறந்தபோது அவளும் கண்டக்டரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் ஒரு போர்வைக்குள் இருந்தது. டிஸ்க் அவள் மடியில் இருந்தது. மச்சானும் வந்ததும் நால்வரும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டிஸ்க் பழுது பார்க்கும் டாக்டரிடம் போனார்கள். எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, அடியிலிருந்த பலகையைக் கழற்றி, கருகிய துணுக்கு ஒன்றைச் சூட்டுக்கோலால் எடுத்து ஒரு தாளில் வைத்தார்.

"இது காவல்காரன். அதிகமாக் கரண்ட் வந்தா இவன் செத்துப்போவான், பின்னாடி இருக்கிறதைக் காப்பாத்துவான்."

"காப்பாத்திட்டானா?" என்றார் கண்டக்டர்.

"சில சமயம் காப்பாத்துவான். சில சமயம் சேர்ந்து போவான். எடுத்துட்டேன், மாட்டிப் பாருங்க. ஓடினா உடனே நகல் எடுத்துடுங்க. இன்னொரு தரம் தப்பாக் கொடுத்தா காவலுக்கு ஆள் இல்லை."

"நீங்களே கரண்ட் கொடுத்துப் பார்த்துடுங்களேன்" என்றார் மச்சான்.

"நான் கொடுக்க மாட்டேன். அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்கதான் கொடுக்கணும்."

மேலே வந்தார்கள். பொருத்தம் கறுப்புப் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அவள் முன்னால் அதன் கட்டை அவிழ்த்தார். டிஸ்க்கைப் பொருத்தி, கேபிளைச் செருகி, முனையின் மேலிருந்த எழுத்தை அவளையே படிக்கச் சொன்னார். படித்தாள். பிறகு அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நீங்க அழுத்துறீங்களாம்மா?" என்றார் மச்சான்.

"அண்ணன் அழுத்தட்டும்."

"என்னால முடியாதும்மா. முதல் தடவை நான் அழுத்துறதில்ல. வெளியில போய் நிப்பேன்."

"என்னாலயும் முடியலை" என்றாள். ஆட்டின் கோப்பு எங்கே இருக்கிறது, எதைத் தட்டினால் ஓடும் என்று மச்சானுக்குச் சொன்னாள். மச்சான் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கண்டக்டர் உள்ளேயே இருப்பதாகச் சொன்னார்.

அவரும் அவளும் மாடிப்படியில் நின்றார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் மனதில் வேலை முதலிலிருந்து ஓடியது. திருகுகள் நான்கு. கேபிள் புதியது. முனை சரி. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மேல்மாடியிலிருந்து இருவர் ஒரு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளேயிருந்து உயிர் வந்துவிட்டது என்று யாரும் கூப்பிடவில்லை.

ஆடு கத்தியது.

அவள் நிமிர்ந்தாள். அவர் கதவைப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"அது ஆடா, அப்பாவான்னு தெரியலையே அண்ணே" என்றாள்.

அவருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் அப்படிச் செய்யக்கூடியவர். பொண்ணு வெளியே பயந்துகொண்டு நிற்கிறாள், ஒரு சத்தம் கொடுத்தால் தெம்பாக இருக்கும் என்று நினைக்கக்கூடியவர். இருவரும் நின்றார்கள். ஆடு மறுபடி கத்தியது. இந்தத் தடவை அதோடு ஒரு மணி ஒலித்தது, இரண்டு மூன்று தரம், ஓடுகிற கழுத்தில் ஆடுவதுபோல். கடையில் மணி எதுவும் கிடையாது.

அவள் உள்ளே ஓடினாள். அவர் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடாமல் நின்றுவிட்டுப் போனார்.

நகல் எடுக்க மதியம் வரை ஆனது. ஒன்று மெஷினில், ஒன்று தனி டிஸ்க்கில். அதை மச்சான் கொடுத்தார். அவள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள். முடியும் வரை யாரோடும் பேசவில்லை. முடிந்ததும் தனி டிஸ்க்கைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பொருத்தத்திடம் "வரேன்" என்றாள். அவர் தலையாட்டினார். கண்டக்டர் மெஷினைத் தூக்கினார். மச்சான் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

பொருத்தம் மேஜையைத் துடைத்தார். பிறகு கீழே கிடந்த பழைய கேபிள் டப்பாவை மேஜையில் கொட்டி, எந்தக் கேபிள் எந்தச் சப்ளையுடையது என்று தெரியாததை எல்லாம் குறட்டால் நறுக்கினார். சாயங்காலம் வரை நறுக்கினார். நடுவில் ஒருமுறை மின்சாரம் போனது. ஒருவர் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் இன்னொரு டிஸ்க் போட வேண்டும், இப்போதே எடுத்துப் போக முடியுமா என்று கேட்டார். கரண்ட் வரட்டும் என்றார் பொருத்தம். சொல்லிவிட்டுத் தானும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.